வீட்டு சர்வர் நிரம்பிவிட்டதா? பெரிய வன்தட்டு வாங்கும் முன் ஒரு கணக்கு

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தைய நாள் தொடங்கிய மழை விடவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்து, பல வீடுகளின் கீழ்த்தளத்தை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்த பிறகு வாசல்தோறும் சோபா, மெத்தை, அலமாரி, குளிர்பதனப் பெட்டி என்று குப்பை மலைபோல் குவிந்து கிடந்த படங்களை நாம் எல்லாரும் பார்த்தோம். சோபாவை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். சேறு புகுந்த கணினிக்குள் இருந்த இருபது ஆண்டுக் குடும்பப் படங்களை எந்தக் கடையில் போய் வாங்குவது?

வீட்டு சர்வரைப் பற்றிய கட்டுரையில் வெள்ளம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் நம் குடும்பங்கள் பலவற்றில் ரௌட்டர் பக்கத்தில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி குடியேறிவிட்டது. கடைக்காரர்கள் அதை ‘நாஸ்’ என்பார்கள். காலணிப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு வன்தட்டுகள். வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசிப் படங்களும் காணொளிகளும் தானாக அதில் போய்ச் சேரும். தொலைக்காட்சியிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஜூன் 1ஆம் தேதி கூகல் ஃபோட்டோஸ் தன் வரம்பில்லா இலவசச் சேமிப்பை நிறுத்தி 15 ஜிகாபைட்டோடு வரையறுத்தபோது, மாதாமாதம் சந்தா கட்டுவதற்குப் பதிலாக ஒரே தடவையில் பெட்டி வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பெட்டிகள் இப்போது நிரம்பத் தொடங்கியிருக்கின்றன. “எத்தனை டெராபைட் வாங்கலாம்?” என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: உள்ளே இருப்பதில் எது தொலைந்தால் திரும்பவே வராது?

உள்ளே என்னதான் இருக்கிறது?

கிள்ளானில் அக்கா வீட்டுப் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். 2019இல் வாங்கியது. 4 டெராபைட் தட்டுகள் இரண்டு. ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே எழுதப்படும். ஆகவே இரண்டு தட்டு இருந்தாலும் பயன்படுத்தக் கிடைப்பது ஒரு தட்டின் அளவுதான். அதிலும் 4 டெராபைட் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் கணினி 3.6 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தட்டு செய்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், கணினி 1,024ஆல் பெருக்குகிறது, அவ்வளவுதான். 8 டெராபைட் தட்டு 7.27 என்று தெரியும்.

நிரம்பியிருந்தது ஏறக்குறைய 3.1 டெராபைட். சிவப்பு எச்சரிக்கை வர ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோப்புறை கோப்புறையாகப் பிரித்தோம். நான்கு கைப்பேசிகளின் படங்களும் காணொளிகளும் 900 ஜிகாபைட். இரண்டு திருமணங்களின் முழு ஒளிப்பதிவு, படப்பிடிப்பாளர் கொடுத்தபடியே வெட்டாமல் ஒட்டாமல், 700. பதிவிறக்கிய படங்களும் தொடர்களும் 800. பழைய மடிக்கணினிகள் போகும்போதெல்லாம் “அப்படியே முழுசா காப்பி பண்ணி வை” என்று வைத்ததில், ஒரே படங்கள் மூன்று நான்கு இடங்களில், 500. பெருந்தொற்றுக் காலத்து இணைய வகுப்புப் பதிவுகள் 150.

மிச்சம் 60 ஜிகாபைட். அதில் இருந்தது என்ன தெரியுமா? மாமாவின் அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள், வருடி எடுத்தவை. லயத்து வீட்டு வாசல், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் வகுப்புப் படம், மாரியம்மன் கோயில் திருவிழா. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயமும் இல்லை, பள்ளியும் அந்த இடத்தில் இல்லை. தாத்தா பேசிய ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பிறப்புப் பத்திரங்கள், வீட்டுக் கிராண்ட், பிள்ளைகளின் சான்றிதழ்கள், பாட்டி கைப்பட எழுதிய சமையல் நோட்டின் பக்கங்கள்.

3.1 டெராபைட்டில் 60 ஜிகாபைட் என்பது நூற்றுக்கு இரண்டு பங்கு.

ஒலி எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது வானொலியில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன கணக்கு. ஒரு மணி நேரப் பேச்சு, 128 கிலோபிட் எம்பி3 கோப்பாக, 58 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்றைய ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 30 சட்டகம் என்று எடுக்கும் காணொளி ஒரு நிமிடத்துக்கே 170 மெகாபைட். 60 சட்டகம் என்றால் 400. ஆக, தாத்தாவின் ஒரு மணி நேரக் குரல், பூனை நாற்காலியில் தூங்குகிற அரை நிமிடக் காணொளியைவிடச் சிறியது. இந்த விகிதம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். பெட்டியை நிரப்புவது ஒன்று. நாம் இழக்கப் பயப்படுவது வேறொன்று.

இரண்டு தட்டு இருக்கிறதே, போதாதா?

“ரெண்டு தட்டுல ஒரே மாதிரி இருக்கே தம்பி, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்ல?” என்றார் மாமா. பெரும்பாலோர் நம்புவதும் இதுதான். அது ஒரே ஓர் ஆபத்துக்கு மட்டும் பதில்: ஒரு தட்டு பழுதாவது. அந்த ஆபத்து உண்மைதான். ஆயிரக்கணக்கான தட்டுகளை இயக்கும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன் தட்டுகளின் பழுது விவரங்களைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. அண்மைய ஆண்டுகளில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு என்ற அளவில் இருக்கிறது. குறைவுபோலத் தோன்றும். உங்கள் வீட்டில் ஓடுவது அந்த நூறில் எது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் மற்ற ஆபத்துகளைப் பாருங்கள். சின்னவன் ஒரு கோப்புறையைத் தவறி அழித்தால் அந்த நொடியே இரண்டு தட்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் சேர்ந்தே நனையும். திருடன் பெட்டியைத் தூக்கினால் இரண்டையும்தான் தூக்குவான். நம் நாட்டில் இடிமின்னலுக்குப் பஞ்சமில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. மின்கம்பி வழியாக வரும் ஒரு தாக்கம் பெட்டியின் பலகையோடு இரண்டு தட்டுகளையும் கொண்டுபோகலாம்.

இணையம் வழியாக வரும் ஆபத்தும் உண்டு. 2021 ஏப்ரலில் ‘கியூலாக்கர்’ என்ற பிணைத்தொகை நச்சுநிரல் உலகெங்கும் கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ அதே வேலையைச் செய்தது. 2021 ஜூனில் நடந்தது இன்னும் கொடுமை. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்ற பழைய வகைப் பெட்டிகள், இணையத்திலிருந்து வந்த ஒரு கட்டளையால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, உள்ளே இருந்த அனைத்தையும் துடைத்துவிட்டன. அந்தப் பெட்டிகளுக்கு 2015க்குப் பிறகு மென்பொருள் திருத்தம் எதுவும் வந்திருக்கவில்லை. ஆறு ஆண்டுகள் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தவை அவை.

ஆகையால் மேம்படுத்தும் திட்டத்தின் முதல் கேள்வி தட்டைப் பற்றியதே அல்ல. உங்கள் பெட்டிக்கு அதன் நிறுவனம் இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புகிறதா? அனுப்பவில்லை என்றால் பழைய பெட்டிக்குள் புதுத் தட்டுப் போடாதீர்கள். பெட்டியையே மாற்றுங்கள். அனுப்புகிறது என்றால், வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வரும் வழிகளை ரௌட்டரில் மூடிவிடுங்கள். விடுமுறையில் லங்காவியிலிருந்து வீட்டுப் படத்தைத் திறந்து பார்க்கும் வசதி நம்மில் பலருக்கு ஆண்டில் இரண்டு முறைகூடத் தேவைப்படாது.

முதலில் மூன்றாவது பிரதி

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய ‘3-2-1’ என்ற முறையை இன்று கணினித்துறை முழுக்கப் பின்பற்றுகிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். இதில் நம் வீடுகளில் விடுபட்டுப்போவது கடைசி ‘1’தான்.

அக்கா வீட்டு 60 ஜிகாபைட்டுக்கு அதை அன்றைக்கே செய்ய முடிந்தது. மாமா வீட்டு இணையத்தின் மேலேற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் 60 ஜிகாபைட் மேகக்கணிக்குப் போய்ச்சேர மூன்று மணி நேரம்கூட ஆகாது. 100 ஜிகாபைட் சந்தா என்பது மாதம் ஒரு ரொட்டி சானாய், தே தாரிக் செலவு. முழு 3.1 டெராபைட்டையும் ஏற்ற நினைத்திருந்தால் ஐந்து நாளுக்கும் மேல் இரவு பகலாக ஓடியிருக்கும், சந்தாவும் எகிறியிருக்கும். இதனால்தான் முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். திரும்ப வராதது எது என்று தெரிந்துவிட்டால், அதைக் காப்பாற்றும் செலவு மிகவும் குறைந்துவிடுகிறது.

திருமண ஒளிப்பதிவும் கைப்பேசிப் படங்களும் இரண்டாம் தரம். போனால் மனம் வலிக்கும். இவற்றுக்கு மேகக்கணி வேண்டாம், வேறு வீட்டில் ஒரு தட்டு போதும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன். பதிவிறக்கிய படங்களுக்குப் பிரதியே வேண்டாம். மாமா இதற்கு லேசாக முகம் சுளித்தார்.

எத்தனை டெராபைட்?

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். இதை ஆசையால் முடிவுசெய்யக் கூடாது, ஆண்டுக் கணக்கால் முடிவுசெய்ய வேண்டும். படக் கோப்புறைகள் ஆண்டுவாரியாக இருந்தால் வேலை எளிது. கடைசி மூன்று ஆண்டுகளின் அளவைப் பாருங்கள். அக்கா வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 400 ஜிகாபைட் சேர்கிறது. பெரியவள் கைப்பேசி மாற்றினால் இது ஏறும். ஆகவே சராசரி 500 என்று வைத்தோம்.

இரட்டித்துக் கிடந்த கோப்புகளையும், யாரும் திரும்பப் பார்க்காத வகுப்புப் பதிவுகளையும், மாமா மனமிரங்கி விட்டுக்கொடுத்த சில தொடர்களையும் நீக்கியபின் மிஞ்சியது 2 டெராபைட். ஐந்து ஆண்டு வளர்ச்சி 2.5. மொத்தம் 4.5. எந்தப் பெட்டியையும் விளிம்புவரை நிரப்பக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருப்பது நல்லது. அப்படியானால் தேவை 5.6. எட்டு டெராபைட் தட்டு 7.27 கொடுக்கும். தாராளம்.

“எதுக்குத் தம்பி, ஒரேயடியா பதினாறு வாங்கிப் போட்டுட்டா தொல்லை விட்டுச்சே!”

மாமாவின் இந்த யோசனைக்கு என்னிடம் இரண்டு மறுப்புகள் இருந்தன. பதினாறு டெராபைட் தட்டுகளில் பல, நிறுவனங்களின் சர்வர் அறைக்கென்று செய்யப்பட்டவை. வரவேற்பறையில் வைத்தால் இரவில் கரகரவென்று சத்தம் கேட்கும். அதைவிட முக்கியம், பதினாறுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இன்று தேவையில்லாத இடத்துக்கு. ஐந்து ஆண்டு கழித்து அதே பணத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று இன்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பணத்தில் ஒரு யுபிஎஸ் இன்றே வாங்கலாம்.

துப்புரவு செய்தபின் அக்கா வீட்டுப் பெட்டி இன்னும் இரண்டு ஆண்டு தாங்கியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் நீக்குவதே போதும், வாங்க வேண்டியதே இல்லை. இங்கே வாங்கச் சொன்னதற்குக் காரணம் இடமல்ல, வயது. 2019இலிருந்து நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டுகள். இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. ஒன்றின் காலம் முடிந்தால் மற்றதும் பின்னாலேயே வரக்கூடும்.

கடையில் கேட்க வேண்டியவை

லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் இணையத்தில் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது தட்டு எழுதும் முறை. சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. எஸ்எம்ஆர் தட்டில் தகவல் தடங்கள் கூரை ஓடுகளைப்போல ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் ஏறியிருக்கும். இடம் மிச்சம், விலையும் குறைவு. ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதைத் தொட்டிருக்கும் ஓடுகளையும் தூக்கி வைக்க வேண்டும் அல்லவா? அதனால் நிறைய எழுதும்போது தட்டு திணறும். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்யும் வேலையில் அது பெரிய தலைவலி. நாஸ் பெட்டிக்கு சிஎம்ஆர்தான் வேண்டும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸுக்கென்றே விற்ற தன் ‘ரெட்’ வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள சில தட்டுகளில் சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்திருந்தது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு ‘ரெட் பிளஸ்’ என்ற பெயரில் சிஎம்ஆர் தட்டுகளைத் தனியாகப் பிரித்தார்கள். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். அட்டையைக் கவனமாகப் படியுங்கள்.

அடுத்தது, புதிது என்று விற்பது புதிதுதானா? 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸ தொழில்நுட்ப இதழ், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் தட்டுகளின் ஓட்டக் கணக்கை அழித்துவிட்டுப் புதியவை என்று விற்கிறார்கள் என்பதை வெளிக்கொண்டு வந்தது. அந்த ஆண்டிலேயே கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் அதிகாரிகளும் சீகேட் நிறுவனத்தாரும் சோதனை நடத்தி ஏறக்குறைய 700 சீகேட் தட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். பழைய தட்டுக்குப் புது ஒட்டுவில்லை ஒட்டி இணைய அங்காடிகளில் விற்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது. நம் ஊர்ச் செய்தி இது. ஆகவே சந்தை விலையைவிட மிக மலிவாக ஒரு பெரிய தட்டு கண்ணில் பட்டால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவுடன் தட்டின் தொடர் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் போட்டு உத்தரவாதக் காலத்தைச் சரிபாருங்கள். சீகேட் தட்டாக இருந்தால் ‘ஃபார்ம்’ என்ற உள்பதிவேட்டையும் பார்க்கலாம். அந்த மோசடிக்காரர்கள் வழக்கமான ஓட்டக் கணக்கை அழித்தாலும் இந்தப் பதிவேடு தப்பியிருந்ததால்தான் பல வழக்குகளில் குட்டு வெளிப்பட்டது. கணினி தெரிந்த ஒரு தம்பியிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டு தட்டுகளையும் இரண்டு கடையில், அல்லது சில வாரம் இடைவெளி விட்டு வாங்கலாம். ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு தட்டு ஒரே குறையோடு வரும் வாய்ப்பு இதனால் குறையும். உங்கள் பெட்டியின் தயாரிப்பாளர் தரும் பொருத்தமான தட்டுகளின் பட்டியலையும் பார்த்துவிட்டுப் போங்கள். 2025இல் சினாலஜி தன் புதிய பெட்டிகள் சிலவற்றில் தன்னுடைய தட்டுகளைத்தான் போட வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்து, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் தளர்த்தியது. பெட்டியும் சேர்த்து மாற்றுகிறவர்களுக்கு இது முக்கியம். விலையை இங்கே எழுதவில்லை. இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும்.

மாற்றும் இரவு

பழைய தட்டைக் கழற்றும் முன் எல்லாவற்றுக்கும் ஒரு தனிப் பிரதி வெளித் தட்டில் இருக்க வேண்டும். இதில் சமரசமே இல்லை. ஏன் என்றால், ஒரு தட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டதும் பெட்டி என்ன செய்யும்? மிச்சமிருக்கும் பழைய தட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துப் புதியதில் எழுதும். ஆறு ஆண்டு ஓடிய தட்டுக்கு வாழ்நாளிலேயே மிகக் கடுமையான இரவு அதுதான். அந்த நேரத்தில் அது படுத்துவிட்டால் கையில் ஒன்றுமே இருக்காது.

4 டெராபைட் அளவைப் பிரதியெடுக்க ஆறு மணி நேரமாவது ஆகும், இடையில் யாராவது படம் பார்த்தால் இன்னும் கூடும். இரண்டாவது தட்டையும் மாற்றி, அதுவும் ஒத்துப்போன பிறகுதான் கூடுதல் இடத்தைத் திறக்க முடியும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு “எட்டு போட்டும் இன்னும் நாலுதான் காட்டுது” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். புதுத் தட்டைப் போடுவதற்கு முன் அதன்மேல் நீண்ட சோதனை ஒன்றை ஓட்டுங்கள். எட்டு டெராபைட்டுக்கு அது மட்டுமே அரை நாளுக்கு மேல் எடுக்கும். ஆக இது ஒரு வார இறுதி வேலை. இடி இடிக்கும் பிற்பகலில் தொடங்காமல் இரவில் தொடங்குவது நல்லது.

ரௌட்டருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள கம்பியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கம்பியோ பழைய ரௌட்டரோ 100 எம்பிபிஎஸ் வேகத்தில் நின்றுவிட்டால், 2 டெராபைட்டை நகர்த்த இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஒரு ஜிகாபிட் இணைப்பில் அதே வேலை ஐந்து மணி நேரம். ஒரு கம்பி விலையில் பெட்டியே புதிதானதுபோல் இருக்கும்.

யுபிஎஸ் வாங்கும்போது, பெட்டியோடு யுஎஸ்பி கம்பியால் பேசக்கூடியதாகப் பாருங்கள். மின்சாரம் போனால் யுபிஎஸ் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி கோப்புகளை ஒழுங்காக மூடிவிட்டுத் தானே உறங்கிவிடும். மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு தட்டுள்ள பெட்டி 20 வாட்டுக்குள்தான் இழுக்கும். மாதம் 14 யூனிட்டைச் சற்றே தாண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் அக்காவுக்கும் மாமாவுக்கும் ஒரு சிறு போர். ரௌட்டர் கீழே, தொலைக்காட்சிக்குப் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. மாடிக்குக் கம்பி இழுத்தால் சுவர் அசிங்கமாகிவிடும் என்பது அக்காவின் கட்சி. கடைசியில் படிக்கட்டின் ஓரமாக வெள்ளை உறைக்குள் கம்பி ஏறியது. பெட்டி இப்போது மாடியில், துணி அலமாரிக்கு மேல். தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் குறைந்தது தலைக்குமேல் உள்ள ஒரு தட்டிலாவது வையுங்கள். சாமி அறையில் ஊதுபத்திப் புகை படும் இடம் மட்டும் வேண்டாம்.

கழற்றிய பழைய தட்டுகள்

பலர் இவற்றை மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவார்கள், அல்லது விற்றுவிடுவார்கள். முன்னே சொன்ன ‘வேறு வீட்டில் ஒரு தட்டு’ இவைதான். யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஒரு தாங்கி வாங்கினால் போதும். நாஸிலிருந்து கழற்றிய தட்டை விண்டோஸ் கணினி அப்படியே படிக்காது, புதிதாக வடிவமைத்து, மறையாக்கம் செய்து, அதன்பிறகே கோப்புகளை ஏற்ற வேண்டும். அடையாள அட்டை நகலெல்லாம் உள்ளே இருப்பதால் மறையாக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆறு வயதுத் தட்டை நம்பலாமா? முதல் பிரதியாக நம்ப மாட்டேன். மூன்றாவது பிரதியாக, ஆண்டில் சில நாள் மட்டும் ஓடுவதாக இருந்தால், அதுவும் இரண்டு இருப்பதால், நம்பலாம். ஒன்று ஈப்போவில் எங்கள் பெற்றோர் வீட்டில். மற்றது கிள்ளானில். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் அக்கா குடும்பம் ஈப்போ போகும்போது புதிதாக நிரப்பியது போகும், அங்கிருப்பது திரும்பி வரும். பலகாரப் பெட்டியோடு ஒரு தட்டு, கூடுதல் சுமை அரைக் கிலோவுக்கும் சற்று அதிகம். நகராத இந்தத் தட்டு இணையத்தோடு இணைக்கப்படாததால் எந்த நச்சுநிரலும் அதைத் தொட முடியாது.

ஒவ்வொரு முறை தட்டு கைமாறும்போதும் அதிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளையாவது உண்மையிலேயே திறந்து பார்க்க வேண்டும். ஒரு பழைய படம், ஒரு காணொளியின் நடுப்பகுதி, தாத்தாவின் ஒலிப்பதிவு. கோப்பின் பெயர் பட்டியலில் தெரிகிறது என்பதும் கோப்பு நலமாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

கடைசியாக ஒரு தாள் வேலை. இந்தப் பெட்டிகளைப் பெரும்பாலும் வீட்டில் ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால், அல்லது இல்லாமலே போய்விட்டால், மற்றவர்களுக்கு அது விளக்கு மினுக்கும் ஒரு கறுப்புப் பெட்டி மட்டுமே. மறையாக்கம் செய்த தட்டோ கடவுச்சொல் இல்லாமல் வெறும் இரும்பு. அக்கா ஒரு ஏ4 தாளில் கையால் எழுதினாள்: பெட்டியின் பெயர், நிர்வாகக் கடவுச்சொல், மறையாக்கச் சாவி, மேகக்கணிக் கணக்கு, ஈப்போவில் தட்டு இருக்கும் அலமாரி. இரண்டு நகல். ஒன்று வீட்டுக் கிராண்ட் இருக்கும் கோப்பில். மற்றது அம்மாவிடம். “இது என்னடி, ஏதோ மந்திரம் மாதிரி இருக்கு?” என்று கேட்டுவிட்டு அம்மா அதை நகைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.